துணி பார்க்கும் கண்ணாடியில் பூச்சி பார்த்தோம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பள்ளிச் செம்பருத்திகளில் மாவுப்பூச்சி பிடித்தது. கொழுந்துகள் சுருண்டு, தண்டெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. அருள்புரத்தில் பஞ்சுத் துகள் பறந்து வந்து செடிகளில் ஒட்டுவது புதிதல்ல. அதனால் முதல் ஒரு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைப் பார்த்த பிறகுதான் அது பூச்சி என்று தெரிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, "பெரிசு பெரிசா இருக்கறதை முதல்ல நசுக்கிடுங்க, சின்னதை அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவிக்கலாம்" என்றேன். அவர்களும் உற்சாகமாக நசுக்கினார்கள். நான் சொன்னது தவறு என்பது இரண்டு நாள் கழித்து ஒரு படத்தில் தெரிந்தது.

அந்த வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறார். அவரிடம் இருந்த பழைய பிக் கிளாஸை, அவரிடம் கேட்டுக்கொண்டே, அவன் எடுத்து வந்திருந்தான். திருப்பூர் வட்டார ஆசிரியர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று தகடுகள் கீல் போட்டு இணைத்த சிறிய மடக்குக் கண்ணாடி அது. விரித்தால் மேல் தகட்டில் லென்ஸ் இருக்கும். அடித் தகட்டில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சதுரத் திறப்பும், அதன் ஓரத்தில் அளவுக் கோடுகளும் இருக்கும். துணிமேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி வரிசை ஓடுகிறது என்று எண்ணுவார்கள். கவுண்டிங் கிளாஸ் என்றும் சொல்வதுண்டு.

மாணவன் அதை ஒரு செம்பருத்தி இலைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி ஓடுதுங்க" என்றான். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. அவன் விடவில்லை. என் கைப்பேசியை வாங்கி, கேமராவை லென்ஸுக்கு மேல் பொருத்திப் படம் எடுத்துக் காட்டினான். வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும் பெரிய பூச்சி ஒன்று, தன்னைவிடச் சிறிய மாவுப்பூச்சி ஒன்றின்மேல் தலையை வைத்திருந்தது. அடுத்த படத்தில் அந்தச் சிறிய பூச்சி பாதிதான் இருந்தது.

அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். முதிர்ந்த வண்டு கருமையாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதை யாரும் மாவுப்பூச்சி என்று நினைக்க மாட்டார்கள். புழுப் பருவத்தில்தான் சிக்கல். தான் தின்னும் பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு திரியும். "பெரிசு பெரிசா இருக்கறதை" நசுக்கச் சொன்னேனே, அதில் எத்தனை புழுக்கள் போயிருக்கும் என்று இப்போது கணக்குச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் அந்தப் படம்தான். பூச்சிகளை நெருக்கத்தில் படம் எடுப்பது என்றாலே லட்ச ரூபாய் கேமரா என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. செலவு செய்தால் நல்ல கருவி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வகுப்பறைக்குத் தேவையான பாதித் தூரத்தை, கைக்கு எட்டும் ஒரு குவிலென்ஸிலேயே கடந்துவிடலாம்.

கைப்பேசிக் கேமரா பூச்சியிடம் ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான கைப்பேசிகளால் சுமார் எட்டு, பத்து சென்டிமீட்டருக்கும் அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் குவிக்க முடியாது. நெருங்கினால் மங்கும். விலகினால் பூச்சி புள்ளியாகிவிடும். கேமராவுக்கு முன்னால் ஒரு குவிலென்ஸை வைத்து, அந்த லென்ஸின் குவியத் தொலைவில் பூச்சி இருக்கும்படி செய்தால், பூச்சியிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸைக் கடந்ததும் இணைகதிர்களாகிவிடும். கேமராவுக்கு அது வெகு தொலைவில் உள்ள பொருள்போலத் தோன்றும். எனவே எளிதாகக் குவித்துவிடும். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கரும்பலகையில் நாம் வரையும் கதிர்ப் படம்தான் இது.

எளிய நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. தெளிவாகப் பார்க்கும் தொலைவான 25 சென்டிமீட்டரை லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். குவியத் தொலைவு 5 செ.மீ. என்றால் 5 மடங்கு, 2.5 செ.மீ. என்றால் 10 மடங்கு. குவியத் தொலைவு குறையக் குறையப் பெருக்கம் கூடும். ஆனால் லென்ஸ் பூச்சியின் முதுகிலேயே இடிக்கும் அளவுக்கு அருகில் போக வேண்டியிருக்கும், வெளிச்சமும் மறையும். பெருக்கம் கூடினால் நல்லது என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பிக் கிளாஸில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. துணியிலிருந்து எவ்வளவு உயரத்தில் லென்ஸ் நிற்க வேண்டுமோ அந்த உயரத்துக்கே அதன் சட்டம் செய்யப்பட்டிருக்கும். இலையை ஓர் அட்டைமேல் தட்டையாக வைத்து, கண்ணாடியை மேலே நிறுத்தி, கைப்பேசியை அதன்மேல் படுக்க வைத்தால் போதும். தொலைவும் சரியாக இருக்கும், கையும் ஆடாது. சிறு அசைவும் பல மடங்கு பெரிதாகத் தெரியும் இந்த வேலையில் ஆடாமல் இருப்பதே பாதி வெற்றி. படம் எடுக்கும் பொத்தானைத் தொடும்போதுகூட ஆடும் என்பதால் மூன்று வினாடி டைமர் வைத்துக்கொள்கிறோம். பிக் கிளாஸ் கிடைக்காத ஊர்களில், சில நூறு ரூபாய்க்குக் கைப்பேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் விற்கிறார்கள். ஆய்வகத்தில் தூங்கும் கைலென்ஸும் போதும். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் எங்கள் வகுப்பில் ஒரே கைப்பேசிதான், அது என்னுடையது. வரிசையில் நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் வெறும் லென்ஸில் பார்த்து வரைந்தார்கள். அப்படி வரைந்தவர்களே பிறகு நல்ல படங்களும் எடுத்தார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்தது வெளிச்சம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கைப்பேசி மேலே படுத்துவிட்டால் பூச்சி நிழலில் போய்விடும். உடனே டார்ச்சை நேராக அடித்தால் வண்டின் முதுகு கண்ணாடிபோலப் பளிச்சிட்டு, ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். ஒளியைப் பரப்பிவிட வேண்டும். இதற்கு எங்கள் ஊரில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டிங் வேஸ்டில் வந்த வெள்ளைப் பனியன் துணியை டார்ச்சின் முகத்தில் ஒற்றை அடுக்காகக் கட்டினோம். சட்டத்தின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினோம். முதல் படத்தில் தெரியாத மெழுகு இழைகள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. ஆயிரக்கணக்கில் விலை போகும் கேமரா ஃபிளாஷ்களுக்கு முன்னால் மாட்டும் வெள்ளைத் திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

துணிக்கும் நுண்ணோக்கிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நுண்ணுயிர்களை முதலில் கண்டவர் என்று பாடத்தில் நாம் படிக்கும் ஆண்டன் வான் லூவன்ஹூக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். நூலின் தரம் பார்க்கத் துணி வணிகர்கள் லென்ஸ் பயன்படுத்திய பழக்கத்திலிருந்தே அவருக்கு இந்த ஆர்வம் வந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர் செய்த கருவியில் இருந்தது ஒரே ஒரு மிகச் சிறிய லென்ஸ். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய லென்ஸ்களில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1673-இல் அவர் எழுதிய முதல் கடிதத்தில் பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவைதான் இடம்பெற்றன. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ராபர்ட் ஹூக் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலில், மடித்து வைக்கும் அளவுக்குப் பெரிய தாளில் ஒரு தெள்ளுப்பூச்சியின் ஓவியம் இருந்தது. செல்லுக்குப் பெயர் வைத்தவர் என்று மட்டுமே ஹூக்கைச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தத் தெள்ளுப்பூச்சியைக் காட்டினால் வகுப்பு வேறு மாதிரி எழுந்து உட்காரும்.

இவற்றைச் சொன்னபோது பிக் கிளாஸ் கொண்டுவந்த மாணவன், "அவரும் நிட்டிங்காங்க?" என்று கேட்டான். நெசவுத் துணி என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவனுக்கு.

மீண்டும் செம்பருத்திக்கு வருகிறேன். அந்தப் பூச்சி பொறிவண்டின் புழு என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதுமா? பிள்ளைகள் நம்பியிருப்பார்கள், நசுக்கச் சொன்னபோது நம்பியதைப் போலவே. அதனால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். பிக் கிளாஸ் வழியாக எடுத்த படத்தில் ஓர் அங்குலத் திறப்பும் சேர்ந்தே விழுந்திருந்தது. ஹைடெக் ஆய்வகக் கணினித் திரையில் படத்தை விரித்து ஸ்கேலால் அளந்தோம். 25.4 மில்லிமீட்டர் உள்ள திறப்பு திரையில் 20 சென்டிமீட்டர் இருந்தது. அப்படியென்றால் படம் ஏறத்தாழ 8 மடங்கு பெரிது. சந்தேகத்துக்குரிய பூச்சி திரையில் 7 சென்டிமீட்டர். எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். சுற்றியிருந்தவற்றில் மிகப் பெரியது திரையில் 2.4 சென்டிமீட்டர், அதாவது 3 மில்லிமீட்டர். செம்பருத்தி மாவுப்பூச்சி மூன்று மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். கிரிப்டோலேமஸ் புழுவோ 13 மில்லிமீட்டர்வரை வளரும். விகிதக் கணக்கை இத்தனை ஆர்வத்தோடு அந்த வகுப்பு அதற்கு முன் போட்டதில்லை. ஸ்கேலோ அளவுக் கோடோ இல்லாத பூச்சிப் படம் அழகாக இருக்கலாம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பிக் கிளாஸ் இல்லாதவர்கள் முதலில் ஒரு ஸ்கேலைப் படம் எடுத்துவிட்டு, தொலைவை மாற்றாமல் பூச்சியை எடுத்தால் போதும்.

கூடவே, மாவுப்பூச்சியோடு அந்தப் புழு இருந்த சிறு கிளையை வாயில் பனியன் துணி கட்டிய பாட்டிலில் வைத்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாவுப்பூச்சி உள்ள புதுக் கொழுந்தை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஆரஞ்சுத் தலையோடு ஒரு சிறு வண்டு பாட்டில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்து அந்த ஆண்டுதான் சேர்ந்த மாணவி ஒருத்திதான் அதை முதலில் பார்த்தாள். தமிழில் சொல்லத் தெரியாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வண்டைச் செம்பருத்தியிலேயே விட்டோம்.

இது பள்ளித் தோட்டத்தோடு முடியும் சங்கதியும் இல்லை. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, நம் கொங்குப் பகுதியில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வாட்டி எடுத்தது. மருந்து அடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய நிறுவனத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அவற்றில் நன்றாகப் பலன் தந்த அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெறும் கண்ணுக்குத் தூசிபோலத் தெரியும் ஒன்றுதான் அந்தப் பயிர்களைக் காப்பாற்றியது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் நாட்டிலேயே முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் கதையும் இப்படித்தான். ஓலையின் அடிப்பக்கத்தில் உள்ள இளம்பருவ ஈயின் கூட்டில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால், என்கார்சியா என்ற குளவி உள்ளேயிருந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அங்கே மருந்து அடித்தால் குளவிதான் சாகும். பல்லடம் சுற்றுவட்டாரத்தில் தென்னை இல்லாத ஊர் குறைவு. பிள்ளைகள் ஒரு கீற்றைக் கொண்டுவந்து, லென்ஸில் துளையுள்ள கூடு எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணலாம். வீட்டில் அப்பாவிடமோ தாத்தாவிடமோ சொல்ல அவர்களுக்கு ஒரு செய்தி கிடைக்கும்.

நுண்ணோக்கிக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கி, ஒளி ஊடுருவும் பொருளுக்காகச் செய்யப்பட்டது. முழு எறும்பை வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும். சன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈயின் இறகு, உதிர்ந்த வண்ணத்துப்பூச்சிச் செதில், தேனீயின் கால் ஆகியவை அருமையாகத் தெரியும். இதற்காக எந்தப் பூச்சியையும் கொல்ல வேண்டியதில்லை, ட்யூப்லைட்டுக்குக் கீழே தினமும் காலையில் வேண்டிய அளவு கிடைக்கும். 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 4 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்தால் 40 மடங்கு. பூச்சி பார்க்க அதுவே ஏற்றது. 45 மடங்கு லென்ஸைத் திருப்பி ஸ்லைடை உடைக்க வேண்டாம். கைப்பேசியைக் கண்ணருகு லென்ஸின்மேல் பிடிக்கும்போது கறுப்புத் திரையில் ஒரு சிறு வட்டம் தெரிந்து நழுவிக்கொண்டே இருக்கும். கறுப்பு அட்டையைக் குழாயாகச் சுருட்டி லென்ஸைச் சுற்றி மாட்டி, அதன்மேல் கைப்பேசியை வைத்தால் நழுவாது. தண்ணீர் டிரம்மில் எடுத்த ஒரு கொசுப் புழுவைச் சொட்டு நீரில் வைத்தால், பின்பக்கச் சுவாசக் குழல் தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் அந்த நீரை வெயில் படும் மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

நுண்ணோக்கி இல்லாத தொடக்கப் பள்ளிகளுக்கு ஃபோல்ட்ஸ்கோப் உண்டு. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷும் அவர் மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் 2014-இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி அது. தாளை மடித்துச் செய்யும் அதில் இருப்பது கடுகைப் போன்ற ஒரு கண்ணாடிக் குண்டு, 140 மடங்கு காட்டும். சிறிய குண்டு என்றால் குவியத் தொலைவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்பு சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் 140 எப்படி வந்தது என்று புரிந்துவிடும். லூவன்ஹூக்கின் வழி அப்படியே.

லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா யாரிடமாவது இருந்தால் ஒரு வார்த்தை. தனி மேக்ரோ லென்ஸ் பூச்சியை அதன் உண்மை அளவுக்கே சென்சாரில் பதிக்கும். அதன் விலை நம் சம்பளத்தை யோசிக்க வைக்கும். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 50 மி.மீ. நீள வெற்று வளையங்களைப் பொருத்தினாலும் அதே அளவு கிடைக்கும். வளையத்தில் கண்ணாடியே கிடையாது, காற்றுதான். பழைய லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையமும் விற்கிறது. எதை மாட்டினாலும் ஒரு தொல்லை மட்டும் தீராது: இவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். கண் தெளிந்தால் கால் மங்கும். வார, மாத இதழ்களில் உச்சி முதல் கால்வரை கூர்மையாக வரும் பூச்சிப் படங்களில் பல, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பத்து, நூறு படங்களைக் கணினியில் ஒன்றாக அடுக்கியவை. அப்படி அடுக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வகுப்பில் இது வேண்டியதில்லை. பூச்சியைப் பக்கவாட்டிலிருந்து, உடல் லென்ஸுக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் இருக்கிற ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு எருக்கஞ்செடியைச் சொல்வேன். அதில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்னும் பொறிவண்டு, மலர் ஈயின் புழு, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டை என்று ஒரு பாடவேளைக்கு வேண்டியது ஒரே கிளையில் இருக்கும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் கிளையை ஒடிக்காமல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, செடியிலேயே பாருங்கள். காலை இறைவணக்கத்துக்கு முந்தைய அரைமணி நேரம்தான் நல்லது. வெயில் ஏறினால் பூச்சிகளுக்கும் வேகம் ஏறிவிடும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். கோவைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், 2018-இல் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைப் பட்டியலில் சேருங்கள்.

பிக் கிளாஸை அந்த மாணவனின் அப்பாவிடம் ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கியவர் லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, பள்ளி வாசலிலேயே குனிந்து செம்பருத்தி இலை ஒன்றை அதன் வழியே பார்த்தார். "இருபது வருஷமா கண்ணிதானுங்க எண்ணிட்டிருக்கேன்" என்றவர், நகர்ந்து அடுத்த இலையையும் பார்க்க ஆரம்பித்தார்.